ஈரக் குருணை

நான் வேலை செய்த கம்பெனியில் ஈரம் என்பது கெட்ட வார்த்தை. முதலாளி காலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கேட்கிற முதல் கேள்வி, "நேத்து போட்டது காஞ்சிடுச்சா?" என்பதுதான். காய்ந்துவிட்டது என்றால் அன்றைக்கு நல்ல நாள். இல்லையென்றால் எல்லோரும் அவர் கண்ணில் படாமல் நடமாட வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகள் எல்லாம் முன்பக்கம். கால்வாயை ஒட்டிப் பின்பக்கம் போனால் தகரக் கூரை ஷெட்டுகள் வரிசையாக வரும். அதில் ஒன்று எங்களுடையது. கடைகளிலும் கம்பெனிகளிலும் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் உறைகளை மூட்டை மூட்டையாக வாங்கி, கழுவி, காயவைத்து, மிஷினில் உருக்குவோம். உருகியது மறுபக்கம் இடியாப்பம் பிழிகிற மாதிரி கம்பி கம்பியாக வரும். தண்ணீர்த் தொட்டியில் முங்கி இறுகி, கட்டரில் போய், அரிசி அளவுக்குத் துண்டு துண்டாக விழும். அதைத்தான் குருணை என்போம். பை செய்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

உருக்குகிற மிஷினை நான் பார்த்துக்கொண்டேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அந்த மிஷின் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

தொட்டியில் முங்கி வந்த குருணையில் தண்ணீர் ஒட்டியிருக்கும். அப்படியே மூட்டை கட்டினால், வாங்கினவர் செய்கிற பையில் குமிழ் குமிழாக ஓட்டை விழும். சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஷெட்டுக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய களம் ஒன்று இருந்தது. குருணையை அதில் கொட்டி வெயிலில் காயவைப்பது பெண்களின் வேலை. மூன்று பேர். அந்த மூவரில் சொல்கிற இடத்தில் இருந்தவள் என் அக்கா.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஆவடிக்கு அந்தப் பக்கம் பிறருடைய நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா பாவாடை கட்டிய வயதிலேயே நெல் காயவைக்கப் போனவள். யாருடைய நெல்லோ. அந்த வேலை அப்படியே பிளாஸ்டிக்கிற்கு வந்துவிட்டது. குருணையின் நடுவே காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். வரப்பு வரப்பாகப் பிரியும். கொஞ்ச நேரம் கழித்துக் குறுக்கே அதே மாதிரி நடப்பார்கள். காய்ந்ததா என்று பார்க்க அக்கா ஒரு கைப்பிடி அள்ளி மேலுதட்டில் வைப்பாள். கைக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியுமாம்.

களத்து வேலையோடு இன்னொரு பழக்கமும் வந்தது. தெருவிளக்கு எரிந்துவிட்டால் அவர்கள் குருணையை மூட்டையில் அள்ளமாட்டார்கள். குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் வந்துதான் அள்ளி எடை போடுவது. விளக்கு வைத்த பிறகு நெல்லை அளந்தால் லட்சுமி போய்விடுவாள் என்று நிலத்துக்காரர்கள் சொல்வார்கள். கூலி நெல்லையும் அதனால் மறுநாள்தான் அளப்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் மனசைப் பொறுத்தது. எங்களைக் காயப்போட்ட அந்தப் பழக்கம் எப்படி அக்காவின் கையில் ஒட்டிக்கொண்டு எஸ்டேட் வரை வந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. காய்ந்த குருணை ஒரு ராத்திரி தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முதலாளி முதலில் சிரித்தார், பிறகு அதுவும் கம்பெனி வழக்கமாகிவிட்டது.

அக்கா வாழ்க்கைப்பட்டது வேப்பம்பட்டில். மாமா காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. ஒரு வருடம் அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு பாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீடு என்றால் லைன் வீட்டில் ஒரு அறை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அக்கா. வந்த மாதமே என்னோடு கம்பெனிக்கு வந்து களத்து வேலையில் சேர்ந்துவிட்டாள். தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றாள்.

கொஞ்ச காலம் கழித்து அவளுடைய மாமியாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவளுடைய கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு பன் வாங்கி வருவார். வாசலில் உட்கார்ந்து சட்டைக் காலரில் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"அண்ணி, அம்மா உன்னத்தான் கேட்டுகினே கீது. உன் கையால குடுத்தாதான் கஞ்சி எறங்குதாம்."

"நெசமாவா? நா அங்க இருந்தப்போ என் கொயம்ப நாய்க்கு ஊத்துச்சே உங்கம்மா. இப்போ இன்னா, நாய்க்கு ஒடம்பு சரியில்லியா?"

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"அதெல்லாம் மனசுல வெச்சிக்காத அண்ணி. அது உன் ஊடு."

"என் ஊடா? சர்தான். எனக்கு வேலை கீது நைனா. ஒரு நாளு நின்னா ஆள மாத்திடுவாங்க."

அதற்குமேல் அவரால் பேச முடியாது. வேலை என்பது யாரும் மறுக்க முடியாத பதில். டீயைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விடுவார். அவர் போன பிறகு அக்கா டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

"அங்க போனா நா ஆளில்ல, தம்பி," என்றாள் ஒருநாள். "ரெண்டு கை. கெய்விய தூக்கறதுக்கு, மாட்டுக்குத் தண்ணி காட்றதுக்கு. இங்க களத்துல நின்னா, இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் வாருன்னு நா சொல்றேன், ரெண்டு பேரு கேக்கறாங்க. இது போதும் எனக்கு."

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. சுற்றிலும் எங்களைப் போலவே நிறைய ஷெட்டுகள் முளைத்தன. வாங்குகிறவர்களும் பழைய பிளாஸ்டிக்கில் செய்த குருணை வேண்டாம், புதுச் சரக்குதான் வேண்டும் என்றார்கள். முதலாளி பூந்தமல்லிப் பக்கம் புதிதாக வந்த ஒரு ஃபிலிம் கம்பெனிக்கு நடையாக நடந்தார். ஊறுகாய், மசாலாப் பொடி, எண்ணெய் எல்லாம் அடைக்கிற பைக்கான ஃபிலிம் அங்கே செய்தார்கள். பார்த்தால் ஒரே தாள் போலத் தெரியும். ஆனால் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும். அதன் நடு அடுக்குதான் காற்றை உள்ளே விடாது. அந்த அடுக்குக்கான குருணை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. சோறு வடிக்கிற அரிசியைவிடச் சின்னதாக, வெள்ளையாக, எலும்பு மாதிரிக் காய்ந்து வரும். அப்படிக் காய்ந்து வந்ததுதான் அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது.

ஒருநாள் அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் எங்கள் ஷெட்டுக்கே வந்தார். மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்கள். இந்தக் குருணையில் கொஞ்சம் ஈரம் ஏற்றிக் கொடுக்க வேண்டும், அதுதான் இனி நம் வேலை என்றார் முதலாளி. அவர் வாயில் அந்த வார்த்தை அப்படி வந்ததை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

கட்டர் பார்க்கிறவர் என்னைவிட மூத்தவர். எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாய் சும்மா இருக்காது.

"சார், தப்பா நென்ச்சிக்காதீங்க. ஈரம்ன்ற பேச்சுக்கே நாங்க இங்க வருஷக் கணக்கா திட்டு வாங்கிகினு கீறோம். இப்போ நீங்க வந்து நனைச்சுக் குடுன்றீங்க. எங்க மொதலாளிக்கு மயக்கம் வந்துடப் போவுது, ஒரு சோடா வாங்கி வெச்சிட்டுப் பேசுங்க."

முதலாளியே சிரித்துவிட்டார். இன்ஜினியர் பொறுமைசாலி.

"சும்மா நனைக்கறது இல்லைங்க. ஈரம் குருணைக்கு உள்ள இருக்கணும், மேல ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நூறு கிலோவுக்கு ஒரு டம்ளர் தண்ணி, அவ்வளவுதான். ஆனா எல்லாக் குருணையிலும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணுல கூட, ஒண்ணுல கொறைய இருந்தா போச்சு."

"அந்த ஒரு டம்ளர் தண்ணி உள்ள பூந்து இன்னா பண்ணும் சார்?"

"மிஷினுக்குள்ள உருகறப்ப கருக விடாது. ரொம்பக் காஞ்சதைப் போட்டா அங்கங்க தீஞ்சு, ஃபிலிம்ல கோடு கோடா, புள்ளி புள்ளியா வருது. மீன்கண்ணுன்னு சொல்லுவோம். தண்ணி இருந்தா வழுக்கிக்கிட்டுப் போயிடும். அப்புறம் அதுவே ஆவியாயிடும்."

"வந்த வேலைய முடிச்சிட்டு சத்தம் போடாம கெளம்பிடும்ன்றீங்க. அதான் நம்ம ஆளு மாதிரி," என்று அண்ணாத்தே என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செய்முறை இதுதான். குருணையைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். பிறகு துணி பிழிகிற மிஷின் மாதிரி ஒன்றில் போட்டுச் சுற்றி மேலே இருக்கிற தண்ணீரைத் தள்ள வேண்டும். அப்புறம் மூடிய டிரம்மில் போட்டு, உள்ளே சூடான காற்றை விட்டு, அதிகமாக ஏறிய ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். டிரம்மிலிருந்து எடுத்ததும் ஆறவிடாமல் வெள்ளி நிறப் பையில் நிரப்பி, பையின் வாயைச் சூடு காட்டி ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது.

அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிடும்போது டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதுல வெயிலுக்கு இன்னாடா வேலை?"

ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் கேட்டாள். களத்துக்குக் கூரை போட்டு, இரண்டாவது டிரம்மை அங்கே வைப்பதாக முதலாளி அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

மற்ற இரண்டு பெண்களும் சின்ன வயசுக்காரர்கள். சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. அக்காவும் அவர்களோடு போய்ப் பார்த்தாள். கேட்டில் நின்ற வாட்ச்மேனே முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசானவங்கள எடுக்கறதில்லம்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டான். எஸ்டேட்டில் தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்தோம். எல்லா இடத்திலும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாகவோ, கொஞ்சம் மரியாதை இல்லாமலோ.

நான் முதலாளியின் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் பாதிதான் வெளியே வந்தது.

"சார்... பை ஒட்டற வேலைக்கு... அக்கா..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு ஒரு பையன போடலாம்னு இருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "சரி. மொத லோடு அவங்களே ஒட்டட்டும். நல்லபடியா போயி அவங்க ஓகே சொல்லிட்டா, அந்த வேலையில உங்க அக்காவே இருக்கட்டும். போதுமா?"

போதும் என்று தலையை ஆட்டினேன்.

அக்கா பை ஒட்டப் பழகினாள். கீழே இருக்கிற பெடலை மிதித்தால் சூடான தகடு பையின் வாயைக் கவ்வும். சரியான நேரத்தில் காலை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் ஒட்டாது, தாமதித்தால் உருகிவிடும். பழைய பைகளை வைத்து ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். ஒட்டிய பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பாள். காற்று பிரியாவிட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தபோது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "புது வேலை குடுத்துகீறாங்கோ. வெள்ளிப் பையி. பாத்துகினே இருந்தா கண்ணு கூசுது," என்றாள். அவர் பன்னைக் கொடுத்துவிட்டு டீ குடிக்காமலேயே போய்விட்டார்.

முதல் லோடு செய்த நாள் பங்குனி மாதத்தில் ஒன்று. காற்று வறண்டு, வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காலையில் தொட்டியிலிருந்து எடுத்துப் பிழிந்து டிரம்மில் போட்டோம். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. எஸ்டேட்டில் அது சாதாரணம். கரண்ட் திரும்பி வந்து டிரம் வேலையை முடித்தபோது சாயங்காலம். இன்ஜினியர் கொடுத்திருந்த கருவியில் பார்த்தோம், ஈரம் அவர் சொன்ன இடத்தில் வந்து நின்றது. முதலாளி என் முதுகில் தட்டினார்.

கூரை இன்னும் போடவில்லை. களத்தைக் கழுவித் துடைத்து, புதுத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கொட்டினோம். குருணை வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா ஒரு பக்கத்திலிருந்து அள்ளி நிரப்ப, சூட்டுத் தகடு கவ்வ, பைகள் வரிசையாக நின்றன. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்திருக்கும். அப்போது தெருவிளக்கு எரிந்தது.

கையில் இருந்த பையை ஒட்டி முடித்தாள். ஒட்டுகிற மிஷினை நிறுத்தினாள். மீதியைச் சீராகக் குவித்து, தார்ப்பாயின் மறுபாதியை மேலே இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தாள். முதலாளி அந்த வழியாகத்தான் ஸ்கூட்டருக்குப் போனார். "காலைல வண்டி வந்துடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாத்தே மெயின் சுவிட்சை அணைத்தார். நான் டிரம்முக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது தார்ப்பாய் மூடியிருந்தது. எங்கள் யாருக்கும் அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. தினமும் சாயங்காலம் அந்தக் களம் அப்படித்தானே இருக்கும்.

காலையில் அக்கா எல்லோருக்கும் முன்னால் போய் மீதியை ஒட்டிவிட்டாள். பைகளின் மேல் சந்தனப் பொட்டு வைத்து வண்டியில் ஏற்றினோம்.

சில நாட்கள் கழித்து இன்ஜினியர் வந்தார். கையில் இரண்டு துண்டு ஃபிலிம். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றதைப் பிடித்தார். பழுப்புக் கோடுகள், இடையிடையே கடுகு தாளித்த மாதிரிப் புள்ளிகள்.

"ரெண்டுமே நீங்க அனுப்புனதுதான்," என்றார். "சில பை தங்கம். சில பை உதவாது. எப்படி ஆச்சுன்னு எனக்குப் புரியல. ஒவ்வொண்ணா சொல்லுங்க, என்ன பண்ணீங்க?"

ஊறப்போட்டதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தோம். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பை ஒட்டிய இடத்துக்கு வந்ததும் அக்காவே முன்னால் வந்தாள். அவளுக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

"பாதி சாயங்காலம் ஒட்டினேன் சார். மீதிய காலைல வந்து ஒட்டினேன்."

"ஏன்மா? கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல சார். வெளக்கு வெச்சிட்டாங்களே."

அவர் புரியாமல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்தது.

"விளக்கு வெச்சா என்ன?"

எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிற அண்ணாத்தேகூட, "அது ஒரு பழக்கம் சார்," என்று மட்டும் சொன்னார்.

"சூடா இருந்த குருணை ராத்திரி பூரா வெளியில கெடந்தா உள்ள இருக்கற தண்ணி போயிடும்மா. அதான் சூட்டோட ஒட்டச் சொன்னேன்."

"தார்ப்பாய் போட்டு மூடினேன் சார். கல்லு வெச்சேன். ஒரு பூனை ஏறல."

"பூனை இல்லம்மா," என்றார் அவர். கோபப்படவில்லை. அக்கா அந்தக் கோடு விழுந்த ஃபிலிமை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள். துடைத்தால் போய்விடும் என்று நினைத்த மாதிரி இருந்தது.

இன்னொரு தடவை செய்து அனுப்புங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அடுத்த லோடுக்கு வேற ஆள் போடறேன்பா."

நான் நின்றேன். இந்தத் தடவை வார்த்தை வந்தது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இனிமே வெளக்கு வெச்சாலும் ஒட்டிடுவாங்க சார். ஒரு வாட்டி சொன்னா போதும். நானும் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன். இந்த ஒரு வேலைதான் சார் அவங்களுக்கு. இது இல்லன்னா அந்த ஊட்டுக்குத்தான் போவணும்."

நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"இதச் சொன்னா கேட்டுப்பாங்க, தெரியும். ஆனா இன்னும் என்னென்ன பழக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே. எனக்கு மட்டுமா? அவங்களுக்கே தெரியாதே. இது போச்சுன்னா கம்பெனியே போச்சு. உன் வேலையும்தான்."

நான் மிஷினுக்குத் திரும்பிப் போனேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பாடி சந்திப்பில் லாரிகளுக்காக நின்றோம். அக்கா எதுவும் கேட்கவில்லை. வீட்டில் நான் சொன்னதும், "சரி உடு," என்றாள். அடுத்த நாளிலிருந்து வேலை தேடிப் போனாள். வீட்டு வேலை கேட்டாள். எங்கள் பக்கம் இருந்ததெல்லாம் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே தேய்க்கிற வீடுகள். இட்லிக் கடையில் ஆட்டுக்கல்லை எடுத்துவிட்டுக் கிரைண்டர் வாங்கியிருந்தார்கள். மத்தியானத்திலேயே திரும்பி வந்து, அறையின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். என் மனைவி தட்டில் சோறு வைத்துக் கூப்பிட்டால், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். வழக்கம்போல வாசலில் உட்கார்ந்தார்.

"அண்ணி, அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்துட்ச்சி. திருப்பிப் போட ஆளில்ல. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம்..."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த புடவைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கொழுந்தனுக்கே நம்ப முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"இன்னும் நாலு நாளு இரு அண்ணி. வேற எங்கனா கேட்டுப் பாக்கலாம்," என்றாள் என் மனைவி. மனசாரத்தான் சொன்னாள்.

"நாலு நாளு இருந்தா அஞ்சாவது நாளு இன்னா பண்றது?" என்றாள் அக்கா. பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார்.

இரண்டாவது லோடு நன்றாகப் போனது. களத்துக்குக் கூரை போட்டார்கள். வெயிலே படாத அந்த இடத்தில் நான் டிரம்மைச் சுற்றவிட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச காலம் வேலை ஓடியது. பிறகு ஒருநாள் அதே இன்ஜினியர் வந்து, இனிமேல் கப்பலில் வருகிற குருணையே ஈரத்தை உள்ளே ஏற்றி, வெள்ளிப் பையில் ஒட்டித்தான் வருகிறது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். முதலாளி டிரம்களை எடைக்குப் போட்டார். ஷெட்டை யாரோ இரும்புக்காரர் வாங்கினார். அண்ணாத்தே ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார்.

எனக்கு நசரத்பேட்டையில் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. அங்கே மசாலாப் பொடியைப் பையில் அடைத்து ஒட்டுகிற பிரிவில் ஒரு பெண் வேண்டும் என்றார்கள். வயசு பார்க்க மாட்டார்கள், தெரிந்த ஆளாக இருந்தால் போதும். அன்றைக்கே மேஸ்திரியிடம், எங்கள் அக்கா இருக்கிறாள், ஒட்டத் தெரியும் என்று சொன்னேன். அழைத்து வா என்றார்.

அடுத்த நாள் காலை வேப்பம்பட்டுக்குப் போனேன். அக்கா மாட்டுத் தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். வேலையைச் சொன்னேன். கையை உதறிவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"எங்க எறங்கணும்?"

"பூந்தமல்லி தாண்டி. எங்கூடவே வந்துடலாம்."

"நின்னுகினு ஒட்றதா, குந்திகினா?"

"ஸ்டூல் கீது."

சரி என்கிற மாதிரி அவள் முகம் மாறியது. நான் அதைப் பார்த்தேன். அப்போது உள்ளேயிருந்து கிழவி ஒரு சத்தம் போட்டாள். பேச்சு போய்விட்டதால் சத்தம் மட்டும்தான். அக்கா உள்ளே போய், கட்டிலில் அவளைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்து, துணியை மாற்றிவிட்டு வந்தாள். வருவதற்குள் கொழுந்தன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா மச்சான், காத்து இந்தப் பக்கம் அடிக்குது? அண்ணிய கூட்டினு போவ வந்தியா?" என்று சிரித்தார். சிரிப்புதான், ஆனால் கண் என்மேலேயே இருந்தது.

ஆமாம் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். "ஒரு வேலை..." என்று ஆரம்பித்தும்விட்டேன்.

"வேலை இல்லாம போரடிக்குதுன்னு பாக்க வந்துகீறான்," என்றாள் அக்கா. "நீ போயி ரெண்டு முட்டை வாங்கினு வா. சாப்ட்டுப் போவட்டும்."

அவர் போனார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தொட்டிக்குத் திரும்பித் தவிட்டைக் கரைத்தாள்.

"அங்க எத்தினி நாளு வெச்சிப்பாங்க? அங்கியும் எதனா ஒரு மிஷின் வாங்குவாங்க. மறுபடி பொட்டிய தூக்கினு இந்த வாசல்ல வந்து நிக்கணும். ஒரு வாட்டி வந்துட்டேன்டா. ரெண்டாவது வாட்டி வர என்னால முடியாது. அதுக்கு இங்கியே கெடக்கறது மேலு."

நான் எவ்வளவோ சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. முட்டை வந்தது. குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றாள், கிழவி மறுபடி சத்தம் போட்டதால் வரவில்லை.

நசரத்பேட்டையில் அந்த வேலைக்கு அடுத்த திங்கட்கிழமை வேறொரு பெண் சேர்ந்தாள். நல்ல பெண். வேகமாக ஒட்டினாள்.